களவு கண்ணுக்குத் தெரியும், குடியுரிமை தெரியாது

ஜவ்வாது மலைக்குத் தெற்கே விரியும் செங்கம் வட்டாரம் தமிழகத்திலேயே நடுகற்கள் அடர்ந்து கிடைத்த நிலப்பகுதிகளுள் ஒன்று. தமிழகத் தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் அவற்றைத் தேடிப் படியெடுத்து, ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுப்பாக இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர்க் கல் தனிச் சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட அக்கல், தன் எருமைகளைக் காக்கும்போது உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற இளைஞனுக்கு உரியது. வீரனின் உருவத்தருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்பதையும் கல்வெட்டு தனியாகப் பொறித்து வைத்திருக்கிறது. கருந்தேவகத்தி அரசன் அனுப்பிய எல்லைப் படையின் பெயரால் நினைக்கப்படவில்லை. தன் எருமைகளுக்காக நின்றவனாகவே நினைக்கப்படுகிறான். இந்த வட்டாரத்து நடுகற்களில் பெரும்பாலானவை இப்படித் தொறுவை, அதாவது கால்நடை மந்தையை, கவர வந்தவர்களோடு பொருதவர்களுக்கும், கவர்ந்து செல்லப்பட்ட தொறுவை மீட்கப் போனவர்களுக்கும் எடுக்கப்பட்டவை. ஊர் எல்லையைக் குடிமக்களே காத்த வழக்கத்துக்கு இதைவிடப் பழைய, உறுதியான சான்று நம்மிடம் அதிகம் இல்லை.

இன்று உலகின் பல நாடுகளில் அதே வழக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு புதிய காவல் எழுந்திருக்கிறது. அரசின் படையால் முடியவில்லை, அனுமதியின்றி எல்லை தாண்டி வருகிறவர்களைக் குடிமக்களாகிய நாங்களே தடுக்கிறோம் என்று தன்னார்வலர்கள் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். இவர்கள் நடுகல் வீரர்களின் வாரிசுகளா? தோற்றத்தில் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓர் அடிப்படையான வேறுபாடு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தொறு காத்தவன் ஒரு செயலைத் தடுத்தான். மாட்டைப் பிடித்துச் செல்வது கண்ணெதிரே நடப்பது. யார் பிடித்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்தவர் சொல்ல முடியும். எடுத்தனூர்க் கல்வெட்டு கள்ளர்களின் எண்ணிக்கையைக்கூடச் சொல்கிறது. குடியேற்றத்தைத் தடுக்கக் கிளம்புகிற தன்னார்வலர் தேடுவதோ பெரும்பாலும் ஒரு சட்ட நிலையை. எதிரே நிற்கும் மனிதர் எந்த நாட்டுக் குடிமகன், எப்போது வந்தார், எந்த ஆவணத்தோடு வந்தார் என்பதை முகத்தில் படிக்க முடியாது. கண்ணால் காண முடியாத ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டிய நிலையில் கண் வேறு அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறது. மொழி, நிறம், உடை, பழக்கமில்லாத முகம் ஆகியவை சான்றுகளாகிவிடுகின்றன. அங்கிருந்துதான் விபரீதம் தொடங்குகிறது.

இந்த விபரீதத்தை அறிய எந்த நாட்டு எல்லைக்கும் போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலை அடிவாரத்தில், போளூருக்கு அருகே உள்ள அத்திமூரிலேயே அது நடந்தது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் வட ஆர்க்காட்டுப் பகுதி முழுவதும் வாட்ஸ்அப் வழியாக ஒரு வதந்தி பரவியது. வடநாட்டிலிருந்து குழந்தை பிடிப்பவர்கள் கூட்டம் கூட்டமாக வந்திருக்கிறார்கள் என்று குரல் பதிவுகள் சொல்லின. ஊர்களில் இளைஞர்கள் இரவுக் காவல் இருந்தார்கள். அந்நியர்களை மறித்து விசாரித்தார்கள். மே 9ஆம் தேதி சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர் உறவினர்களுடன் காரில் குலதெய்வக் கோயிலுக்கு வந்தார். வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்திய இடத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அந்தச் சாக்லேட்டே அவர் குழந்தை பிடிப்பவர் என்பதற்குச் சான்றாயிற்று. தகவல் அடுத்த ஊருக்குப் பறந்தது, கார் மறிக்கப்பட்டது, அடி விழுந்தது. அவர் இறந்தார்; உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அவர் வடநாட்டுக்காரர் அல்லர், தமிழ் பேசியவர், தம் குலதெய்வத்தைத் தேடித் தம் முன்னோரின் நிலத்துக்கே வந்தவர். அடித்தவர்கள் கொள்ளைக் கூட்டத்தினரும் அல்லர். தம் பிள்ளைகளைக் காக்கிறோம் என்று உண்மையாகவே நம்பிய சாதாரண ஊர்க்காரர்கள். நடுகல் வீரனிடம் இருந்த அதே பற்றும் அச்சமும் அவர்களிடமும் இருந்தன. கண்ணெதிரே களவு என்று ஒன்று மட்டும் நடக்கவில்லை. எந்தப் பிள்ளையையும் யாரும் தூக்கவில்லை. செயல் இல்லாத இடத்தில் சந்தேகமே செயலாக்கப்பட்டது.

இதே தவறு ஒரு மாநிலத்தின் அரசியலாகவே வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அசாம் சான்று. வங்கதேசத்திலிருந்து வந்தவர்களைக் கண்டறிந்து வெளியேற்ற வேண்டும் என்று 1979இல் அங்கே தொடங்கிய மாணவர் இயக்கத்துக்குப் பின்னே நிலம், மொழி, வேலை பற்றிய மெய்யான கவலை இருந்தது. அந்தக் கவலையைப் புறந்தள்ளிவிட்டு அசாமைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் அந்நியர் யார் என்று முடிவு செய்யும் வேலை தெருவுக்கு வந்தபோது, 1983 பிப்ரவரி 18 அன்று நெல்லிப் பகுதியின் ஊர்களில் சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 2,000 பேர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. இவர்களில் யார் எந்த ஆண்டில் எல்லை தாண்டியவர் என்று கொன்றவர்களில் யாரும் ஆவணம் பார்க்கவில்லை. 1985 ஆகஸ்ட் 15இல் அசாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் தொடர்ச்சியாகக் குடிமக்கள் பதிவேடு புதுப்பிக்கப்பட்டு, 2018 ஜூலையில் வெளியான வரைவில் 2.89 கோடிப் பேர் இடம்பெற்றார்கள். அவர்களில் யார் பெயர் மீதும் எவரும் ஆட்சேபம் எழுப்பலாம் என்ற வாய்ப்பு தரப்பட்டது. அதாவது, அந்நியரைச் சுட்டிக்காட்டும் வேலை தன்னார்வத்துக்கு விடப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. பெரும்பகுதி கடைசி நேரத்தில் கட்டுக்கட்டாகக் கொடுக்கப்பட்டவை. விசாரணை நாள்களில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பிள்ளைகுட்டிகளோடும் பழைய ஆவணங்களோடும் வந்து காத்திருந்தார்கள். ஆட்சேபம் எழுதியவர்களில் மிகப் பலர் எட்டிப் பார்க்கவே இல்லை. விரல் நீட்டுவதற்கு ஒரு தாளும் கையெழுத்தும் போதும். நீட்டப்பட்டவர் இழந்ததோ தினக்கூலி, பயணச் செலவு, இரவுத் தூக்கம்.

முறையான அமைப்புகளுக்கே இந்த வேலை எவ்வளவு கடினம் என்பதையும் அசாமே காட்டியது. 2019 மே மாதத்தில் ஒரு தீர்ப்பாயம் வெளிநாட்டவர் என்று முடிவு செய்து தடுப்பு மையத்துக்கு அனுப்பிய ஒருவர், முப்பதாண்டு இந்திய ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர். ஜூன் மாதம் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் பிணை வழங்கிய பிறகே அவர் வெளியே வந்தார். பணிப் பதிவேடும், சீருடையும், அரசு ஓய்வூதியமும் உள்ள ஒருவரின் குடியுரிமையே காவல் துறை, தீர்ப்பாயம் என்ற இரண்டு படிகளைத் தாண்டித் தவறாக எழுதப்பட முடியுமென்றால், சாலையில் வண்டியை மறித்துக் கேட்கும் இளைஞர் கூட்டத்தால் எதை நிலைநாட்ட முடியும்? வெளிநாட்டவர் சட்டம் 1946இன் 9ஆம் பிரிவு, தான் வெளிநாட்டவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சந்தேகிக்கப்பட்டவர் மீதே வைத்தது. சட்டத்தின் பாரம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில், சந்தேகத்தை யார் வேண்டுமானாலும் எழுப்பலாம் என்று விட்டால், ஏழைகளுக்கு அது மீள முடியாத குழி.

இதற்கு முதல் மறுப்பு வலிமையானது. எல்லை நீண்டது; அரசின் கண் எங்கும் இருக்க முடியாது; அந்தந்த இடத்தில் வாழ்கிறவர்களின் உதவி இல்லாமல் எந்த நாடும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. இது உண்மை. இந்தியா வங்கதேசத்தோடு பகிரும் எல்லை மட்டும் 4,096 கிலோமீட்டர். ஆறும் சதுப்பும் வயலுமாகக் கிடக்கும் அந்தக் கோட்டை முழுக்க முழுக்கப் படையால் பார்க்க இயலாது. 1999 மே மாதத் தொடக்கத்தில் கார்கில் மலைகளில் ஊடுருவல் நடந்திருப்பதை முதலில் கண்டு சொன்னவர்களில் ஒருவர், தாஷி நம்கியால் என்ற லடாக் மேய்ப்பர். காணாமல் போன தம் யாக் மாட்டைத் தேடித் தொலைநோக்கியோடு மேட்டில் ஏறியவர், பனிப்பரப்பில் ஆள்கள் பதுங்குகுழி தோண்டுவதைக் கண்டார். இறங்கி வந்து ராணுவத்திடம் சொன்னார். 2008 நவம்பர் 26 இரவு மும்பைக் கரையில் ரப்பர்ப் படகில் வந்திறங்கிய அந்நியர்களை யாரென்று கேட்டவர்களும் அங்கே குடியிருந்த மீனவர்களே. அதன் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் மீனவ இளைஞர்களைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் ஊர்க்காவல் பணியில் சேர்த்தது, இந்த அறிவை முறைப்படுத்தும் முயற்சி. இவை எதையும் நான் மறுக்கவில்லை. என் வாதத்துக்கு இவையே துணை நிற்கின்றன. கார்கில் மேய்ப்பர் கண்டது ஒரு செயலை. ஆள் நடமாட்டமில்லாத பனியில் மண் தோண்டுகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்த செய்தி. அவர் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார். அதோடு அவர் வேலை முடிந்தது. தம் நிலத்தில் எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது என்று அறிந்திருந்ததே அவருடைய தகுதி. மாட்டைத் தேடிப் போனவர் ஊடுருவலைக் கண்டார் என்பதில், தொறு காத்த செங்கம் நாட்டு வீரனுக்கும் அவருக்கும் உள்ள உறவு தெரிகிறது.

அப்படியானால், பார்த்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும் தன்னார்வலர்களை ஏன் தடுக்க வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2005 ஏப்ரலில் மெக்சிகோ எல்லையோரம் நாற்காலி போட்டு அமர்ந்த மினிட்மேன் இயக்கத்தினர் சொன்னதும் இதையேதான். எவரையும் தொட மாட்டோம், பார்த்தால் எல்லைக் காவலருக்குத் தகவல் சொல்வோம் என்று விதி வகுத்தார்கள். விதி தாளில் நன்றாகவே இருந்தது. ஆனால் அங்கே வந்து அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நிலத்துக்காரர்கள் அல்லர். நாட்டின் பல பகுதிகளிலிருந்து, பலர் இடுப்பில் துப்பாக்கியோடு, எதிரியைத் தேடி வந்தவர்கள். எதிரியைத் தேடி வருகிறவர் காணாமல் திரும்புவது அரிது. இயக்கம் பல துண்டுகளாக உடைந்தது. அப்படிப் பிரிந்த ஒரு குழுவின் தலைவி கூட்டாளிகளோடு சேர்ந்து, 2009 மே 30 அன்று அரிவாக்கா என்ற சிற்றூரில் ஒரு வீட்டுக்குள் புகுந்தார். தம் குழுவுக்குப் பணம் தேட வந்த அந்தக் கொள்ளையில் ஒரு தந்தையும் அவருடைய ஒன்பது வயது மகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். எல்லைக் காவலின் பெயரால் கொல்லப்பட்ட அந்தச் சிறுமி எந்த எல்லையையும் தாண்டியவள் அல்லள். இயக்கத்தின் முதன்மை அமைப்புகளுள் ஒன்று 2010இல் தானே கலைந்தது; உறுப்பினர்கள் செய்யக்கூடியவற்றுக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்ற அச்சம் அதற்குப் பின்னே இருந்தது. பார்த்துச் சொல்வது என்ற விதியைக் கடைப்பிடிக்க வைக்கும் அதிகாரம் எந்தத் தன்னார்வக் கூட்டத்துக்கும் தன் ஆள்கள் மீது கிடையாது. சேர்க்கைக்குத் தேர்வு இல்லை, மீறினால் பணிநீக்கம் இல்லை, பதிவேடு இல்லை.

நம் நாட்டுப் பழைய காவல் முறையின் கதையும் இதையே சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற பெயரில் ஊர்க்காவலுக்கென வரி உண்டு. பின்னாளில் தென் மாவட்டங்களில் காவல் உரிமை சில குழுக்களிடம் நிலைத்தது. ஊரார் அவர்களுக்கு ஆண்டுதோறும் கூலி கொடுத்தார்கள். களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ காவல்காரரின் கடமை. பொறுப்போடு கட்டப்பட்டிருந்தவரை அது இயங்கியது. அந்தப் பொறுப்பு தளர்ந்த இடங்களில், களவு போன மாட்டை மீட்கத் துப்புக்கூலி கேட்பவரும் மாட்டைக் கொண்டுபோனவரும் ஒரே கையாக மாறினார்கள். 1890களில் மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் ஊரார் பணம் திரட்டிக் காவலை எதிர்த்து நடத்திய பண்டு இயக்கம் அந்தச் சீரழிவின் விளைவு. அந்தச் சீரழிவை அடக்க வந்த ஆங்கில அரசோ காவலர் பரம்பரைகளையே குற்றப் பரம்பரைகள் என்று எழுதிவைத்து, இன்னொரு கொடுமையைச் செய்தது. யாரிடமும் கணக்குச் சொல்லாத காவல், காக்கப்படுகிறவரையும் காக்கிறவரையும் சேர்த்தே கெடுக்கிறது.

மூன்றாவது மறுப்பு ஜவ்வாது மலை மக்களே எழுப்பத் தக்கது: சீருடை போட்டவர்கள் மட்டும் யோக்கியர்களா? சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் கொடுக்கிற வருமானம் போதாமல் கூலிக்கு வெளியே போகும் இந்த மலையின் ஆண்களுக்கு, ஆந்திர எல்லை என்றாலே நெஞ்சு பதறும். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். ஜவ்வாது மலையையும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களையும் சேர்ந்த கூலிக்காரர்கள் அவர்களில் பெரும்பகுதி. கற்களாலும் கோடரிகளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல் துறை. வழியில் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். அதற்கு முன்னர், 2013 டிசம்பரில், அதே காட்டில் மரம் வெட்ட வந்த கும்பலால் வனத்துறை ஊழியர்கள் இருவர் கொல்லப்பட்டதையும் மறக்கலாகாது. ஆனால் மரத்தை வெட்டும் செயலுக்கும், திருப்பதிப் பேருந்தில் ஒரு தமிழ்க் கூலிக்காரர் அமர்ந்திருப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தைச் சந்தேகம் அழித்துவிட்டால், சீருடையும் அத்திமூர்க் கூட்டம் செய்ததையே செய்யும்.

எனவே சீருடை போதுமான காப்பு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குத் தீர்வு சீருடை இல்லாதவர்களிடம் அதிகாரத்தைக் கொடுப்பதாக இருக்க முடியாது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி என்ற பழங்குடி ஊரில் சந்தன மரக் கடத்தலைத் தேடி வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் நடத்திய வன்கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் தண்டனை பெற்றார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்தொன்பது ஆண்டுகள் என்பது பெருந்தாமதம். பழங்குடிப் பெண்களின் மன உறுதி இல்லையென்றால் அதுவும் வந்திருக்காது. ஆயினும் தீர்ப்பு வர முடிந்ததற்கு ஒரு காரணம், வந்தவர்கள் அரசு ஊழியர்கள் என்பது. அவர்களுக்குப் பணிப் பதிவேடும், பொறுப்பில் இருந்த மேலதிகாரிகளும் இருந்தார்கள். பெயர் தெரியாத கூட்டத்துக்கு எதிராக அந்தப் பெண்கள் யாரைச் சுட்டியிருப்பார்கள்? சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக, மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியத்தில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கித் துப்பாக்கி கொடுத்ததை 2011 ஜூலை 5இல் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்ததும் இந்த வழியில்தான். மக்களைக் காக்கும் தன் கடமையை அரசு, போதிய பயிற்சியும் பாதுகாப்பும் பெறாதவர்களின் தோளில் இறக்கி வைக்கக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்கெனவே அறிந்தே இருக்கிறது. சாதாரணக் குடிமகன் ஒருவர் இன்னொருவரைக் கைது செய்யும் உரிமை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் இருந்தது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவில் தொடர்கிறது. பிணையில் விட முடியாத, கைதுக்குரிய குற்றத்தைத் தம் கண்ணெதிரே செய்தவரைப் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது புதிய சட்டம் சேர்த்திருக்கும் வரம்பு. கண்ணெதிரே என்ற அந்தச் சொல்லில்தான் நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதேபோல 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டையும் வன உயிர்களையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் தருகிறது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இது வெறும் சட்டவாசகமாக நின்றுவிடக் கூடாது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் பட்டா வழங்குவது தடைபட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும் வரை தமிழகம் இந்தச் சட்டத்தில் பல ஆண்டுகளை இழந்தது. சந்தன மரத்தை இரவில் வெட்டுகிறவரைக் கண்டுபிடிக்க, அந்தக் காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த மலையாளிப் பழங்குடி மக்களைவிடத் தகுந்தவர் இல்லை. அவர்கள் காப்பது தம் காடு. கணக்குச் சொல்வது தம் கிராம சபைக்கு. தடுப்பது மரத்தின் மீது கோடரி விழும் செயலை. நடுகல் மரபின் உண்மையான தொடர்ச்சி இங்கேதான் இருக்கிறது.

குடியேற்றம் பற்றிய அச்சத்தையும் அரசு இதே தெளிவோடு அணுக வேண்டும். அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கினால் அது தெருவுக்கு வரும். அத்திமூரில் வதந்தி பரவிய வாரங்களில், காவல் துறையின் மறுப்பு வாட்ஸ்அப்பின் வேகத்துக்கு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த மூதாட்டி கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். கும்பல் வன்முறையைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் பொறுப்பதிகாரி வேண்டும் என்று 2018 ஜூலை 17இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள், இந்த இடைவெளியை மூடுவதற்காகவே. எல்லையோர மக்கள் கண்டதைச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். சொன்னால் அவர் உடனே வர வேண்டும். குடியுரிமை பற்றிய கேள்வி எழுந்தால் அது ஆவணங்களோடும் வழக்கறிஞரோடும் மேல்முறையீட்டோடும் நீதிமன்றத்தில் தீர வேண்டும்.

ஜவ்வாது மலையிலிருந்து பார்க்கும்போது இந்த நியாயம் தனித் தெளிவு பெறுகிறது. இந்த மலையின் ஒரே ஆள் இரண்டு இடங்களில் நிற்கிறார். தம் ஊர்க் காட்டில் இரவில் விளக்கொளி தெரிந்தால் யார் அங்கே என்று குரல் கொடுக்கும் உரிமை உள்ளவர் அவர். கூலி தேடித் திருப்பதிப் பேருந்தில் ஏறினால், மொழியாலும் நிறத்தாலும் சந்தேகிக்கப்பட்டு யார் நீ என்று கேட்கப்படுகிறவரும் அவரே. பேருந்தில் அமர்ந்திருக்கும்போது அவர் எதிர்பார்ப்பது, தாம் செய்யாத ஒன்றுக்காகத் தம்மை யாரும் கீழே இறக்கக் கூடாது, கேள்வி எழுந்தால் நீதிமன்றத்தில் கேட்கட்டும் என்பதைத்தான். அத்திமூர்ச் சாலையில் கார் மறிக்கப்பட்ட அன்று, அந்த மூதாட்டிக்கும் இதே நியாயம் கிடைத்திருக்க வேண்டும்.